பாட்காஸ்ட்: வலையொலியா, ஒலியோடையா?

அண்ணா, வணக்கம். பாட்காஸ்டைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று நான் கேட்டதற்கு நீங்கள் எழுதியது:

> வலையொலி என்றே வைத்துக்கொள்ளலாம். பலர் புழங்கும் சொல்தானே, புதிதாக ஒன்று எதற்கு?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான், நானும் இதுவரை அதையேதான் சொல்லிவந்தேன். ஆனால் பைத்தான் என்ற நிரல்மொழி பற்றிய நம் நிகழ்ச்சியின் முதல் பகுதியில் "எங்கள் வலையொலியைக் கேளுங்கள்" என்று நான் பேசியதை, எழுத்தாக்கிய நண்பர் மூன்று இடத்திலும் "வலையொளி" என்று தட்டியிருந்தார். அவர் மேல் தப்பில்லை. யூடியூப் வகையறாவுக்கு வலையொளி என்று பலர் எழுதுகிறார்கள், லகரமும் ளகரமும் பேச்சில் நிறையப் பேருக்கு ஒன்றாகத்தான் வருகின்றன. காதால் கேட்கும் ஒன்றுக்குக் காதால் பிரித்தறிய முடியாத பெயரை வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் "பல்லுக்கு வரும் ல" என்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

என் ஓட்டு ஒலியோடைக்கு. நான் உண்டாக்கிய சொல் அல்ல, அங்கங்கே சிலர் எழுதுவதுதான். ஒரு தளத்தில் புதிதாக வருவதைச் செயலிகளுக்குத் தெரியப்படுத்தும் ஆர்எஸ்எஸ் என்ற இணைய வடிவத்தைச் செய்தியோடை என்கிறோம், பாட்காஸ்டுக்கு அடிப்படையும் அதேதான். எம்பி3 கோப்பை எங்காவது ஏற்றிச் சுட்டியை அனுப்பினால் அது வெறும் ஒலிக்கோப்பு. ஓடையில் ஒவ்வொரு பகுதிக்கும் என்க்ளோஷர் என்று ஒரு வரி இருந்து, அதில் முகவரி, அளவு, கோப்பு வகை மூன்றும் இருந்து, செயலி தானாக வந்து எடுத்துக்கொண்டால்தான் அது பாட்காஸ்ட்.

இன்னொன்று, பாட்காஸ்ட் என்ற பெயரைவிட ஓடைதான் மூத்தது. மென்பொருளாளர் டேவ் வைனர் ஆர்எஸ்எஸ்ஸின் 0.92 பதிப்பில் என்க்ளோஷரைச் சேர்த்தது 2000 டிசம்பரில், "பாட்" என்ற பாதியைத் தந்த ஐபாட், ஆப்பிளின் பாட்டுக் கருவி, வந்ததே 2001 அக்டோபரில்தான். 2004 பிப்ரவரியில் கார்டியன் என்ற பிரிட்டிஷ் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மூன்று பெயர்களை அடுக்கினார், அதில் ஒன்றுதான் பாட்காஸ்டிங். 2022இல் ஆப்பிள் ஐபாடையே நிறுத்திவிட்டது, ஓடை இன்னும் ஓடுகிறது.

ஓடை என்றால் நேரலை என்று நினைப்பார்களே என்று ஒருவர் தனியாகக் கேட்டார். நேரலைக்கு நேரலை என்ற சொல்லே நன்றாக நிலைத்துவிட்டது, குழப்பம் வராது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம், நிகழ்ச்சி நடத்துபவரைத் தொகுப்பாளர் என்கிறோம். நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலருக்குத் தொகுப்பி என்று எழுதும் குழுவில், கம்பைலர் பற்றிய பகுதி வரும்போது இது பாடாய்ப் படுத்தும். நெறியாளர் என்று சொல்லலாமா?

ஞாயிறன்று இரண்டாம் பகுதியின் முன்னுரையைப் பதிவு செய்கிறோம், அதற்குள் சொல்லுங்கள்.

---

தம்பி,

> காதால் பிரித்தறிய முடியாத பெயரை

இதை நான் யோசிக்கவே இல்லை. சரி, ஒலியோடைக்கு என் சம்மதம்.

நெறியாளர் மட்டும் வேண்டாம். டிவி விவாதங்களில் நாலு பேரை அடக்கி உட்கார வைப்பவரைத்தான் அந்தச் சொல் நினைவூட்டுகிறது, இங்கே இரண்டு பேர் உட்கார்ந்து நிரல் பற்றிப் பேசுகிறார்கள். "உங்களுடன் பேசுபவர்" என்று சொல்லிப் பெயரைச் சொன்னால் போதாதா?

நிகழ்ச்சியின் விவரக் குறிப்பில் வலையொலி என்ற சொல்லும் ஓர் ஓரமாக இருக்கட்டும், தேடுபவர்கள் அதைத் தட்டித்தான் வருவார்கள். பெயரை மாற்றும் வேகத்தில் ஓடையின் முகவரியையும் மாற்றிவிட வேண்டாம், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு அடுத்த பகுதி போய்ச் சேராது.