தடைக்காலத்தில் நாடகம் போட ஒரு குழு வேண்டும்

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆட்களும் ஊரிலேயே இருப்பார்கள் என்பதால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து மீனவர் குடியிருப்புகளில் இலவசமாக நாடகம் போடலாம் என்று எங்கள் மன்றத்தில் பேசியிருக்கிறோம். இடம், சாப்பாடு, தங்கல் ஊர்க்காரர்கள் பொறுப்பு. குழுதான் இல்லை.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் பழக்கமான குழு இருந்தால் சொல்லுங்கள் அண்ணன்மாரே, அக்காமாரே. விழிப்புணர்வு நாடகம் மட்டும் வேண்டாம், அது நிறையப் பார்த்தாயிற்று, சிரிக்க வைக்கிற கதையாக இருக்கட்டும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அந்தப் படகுக்காரர்கள் விடியுமுன் கடலுக்குக் கிளம்புவதால் ராத்திரி ஒன்பதுக்குள் முடியவேண்டும்.

அப்புறம், கடற்காற்றில் மைக் 'புர்ர்' என்று இரைகிறது, பஞ்சு உறை போட்டும் அடங்கவில்லை. திறந்தவெளியில் பழகியவர்கள் என்ன செய்கிறீர்கள்? பயணச் செலவு எங்களுடையது, சம்பளத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.