குமரி மாவட்டத்தில் பிள்ளைகளோடு மூன்று நாள்: எங்கே, எந்த நேரத்தில்?

வடசேரி அக்கா:
அரையாண்டு லீவுக்கு சென்னையிலிருந்து தங்கச்சி குடும்பம் நாகர்கோவில் வருது. கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாளிலிருந்து மூணு நாள் இருப்பாங்க. பிள்ளைகளுக்கு வயசு 4, 8, 11. அம்மாவும் கூட வருவாங்க, அவங்களுக்கு மூட்டுவலி, படி அதிகம் ஏற முடியாது. கார் இருக்கு. திற்பரப்பில் அந்த நேரம் தண்ணி எப்படி இருக்கும்? பத்மநாபபுரம் அரண்மனை 4 வயசுப் பிள்ளைக்கு ஒத்து வருமா? கடலில் பிள்ளைகளை இறக்குறதுக்கு எந்தக் கடற்கரை நல்லது? கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போக எத்தனை மணிக்கு வரிசையில் நிற்கணும்? பணம் அதிகம் செலவாகாத இடம் இருந்தாலும் சொல்லுங்க.

தக்கலைக்காரன்:
அக்கா, முதலில் கிழமையைப் பாருங்க. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறைதான் நடத்துகிறது. திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலை 9 மணிக்குத் திறந்து, 1 மணிக்கு மதிய இடைவேளை விட்டு, 2 மணிக்கு மறுபடியும் திறப்பார்கள். பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றால் பாதியில் வெளியே வரவேண்டியதாகிவிடும். 9 மணிக்கே வாசலில் இருங்கள். சுற்றிப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும்.

செருப்பை வாசலில் விடவேண்டும். உள்ளே ஒரே திசையில்தான் நடக்க முடியும், திரும்பி வருவது சிரமம். மரப்படிகள் செங்குத்து, வாசல் நிலைகள் தாழ்வு. 4 வயசுப் பிள்ளைக்குக் கையைப் பிடிக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். அம்மா பூமுகம் என்கிற முன்வாசல் மண்டபத்தையும் முற்றத்தையும் பார்த்துவிட்டு வெளியே மர நிழலில் உட்காரட்டும். அவர்களை மாடிக்குக் கூட்டிப் போகவேண்டாம்.

பிள்ளைகளை வெறுமனே நடத்திக் கூட்டிப் போனால் பத்தே நிமிடத்தில் அலுத்துவிடும். தேடுகிற வேலை கொடுங்கள். பூமுகத்து மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு விதம். 11 வயசுப் பிள்ளை ஒரே மாதிரி இரண்டு பூ கிடைக்கிறதா என்று தேடட்டும். அதே இடத்தில் குதிரைவீரன் உள்ள தொங்குவிளக்கு ஒன்று உண்டு. எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்தப் பக்கமே நிற்கும்படி சங்கிலியை அமைத்திருக்கிறார்கள். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் நிற அபிரகத் தகடு பதித்த ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மாதிரி மின்னுகிற கருப்புத் தரை சுட்ட தேங்காய்ச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொன்னால் 8 வயசுப் பிள்ளை குனிந்து தொட்டுப் பார்க்கும். தாய்க்கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூண், அடுத்து ஊறுகாய் போட்டு வைத்த சீனச்சாடிகள், ஆயிரம் பேர் சாப்பிடும் ஊட்டுப்புரை. இவ்வளவு போதும். ஆயுத அறையில் நேரத்தைப் போக்கவேண்டாம்.

அங்கிருந்து சின்ன தூரத்தில், நெடுஞ்சாலையிலேயே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா உள்ளே இருக்கிறது. மான், பறவைக் கூண்டு, நிழல், ஓடி விளையாட இடம் எல்லாம் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு சின்னப் பிள்ளையை ஓடவிட இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் இல்லை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவின் படைத்தளபதியான, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கதையை 11 வயசுப் பிள்ளைக்குக் காரில் போகும்போதே சொல்லிவிடுங்கள், அங்கே போய்ச் சொன்னால் கேட்காது.

குலசேகரம்:
திற்பரப்பு பற்றி. அது கோதையாற்றில், பேச்சிப்பாறை அணைக்குக் கீழே இருக்கிற அருவி. அதனால் அருவியில் குளிக்கலாமா கூடாதா என்பதை மழையோடு அணையும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். அணையின் முழு மட்டம் 48 அடி. 42 அடி தாண்டினாலே வெள்ள அபாயக் கண்காணிப்பு தொடங்கிவிடும். உபரிநீர் திறந்துவிட்டால் ஊரில் வெயில் அடித்தாலும் அருவியில் குளிக்கத் தடை. வடகிழக்குப் பருவமழை முடியும் நேரம் என்பதால் டிசம்பர் கடைசியில் நல்ல தண்ணீர் இருக்கும், அதே காரணத்தால் தடையும் வரலாம். முந்தின நாள் பத்திரிகையில் அணை நீர்மட்டத்தையும் உபரிநீர்ச் செய்தியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காலை எட்டரைக்கு அங்கே இருந்தால் நிம்மதியாகக் குளிக்கலாம். பதினொரு மணிக்கு மேல் கேரள வண்டிகளும் சேர்ந்துவிடும், கார் நிறுத்தவே நேரம் போகும். சின்னப் பிள்ளையை அருவிக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள். தண்ணீரோடு சிறு கல்லும் குச்சியும் விழும், பெரியவர்கள் தோளில் தாங்கிவிடுவார்கள், குழந்தையின் தலை தாங்காது. சிறுவர்களுக்கு ஆழமில்லாத குளம் தனியாக இருக்கிறது, அது போதும். பாறை வழுக்கும், ரப்பர் அடி உள்ள செருப்பு போடட்டும். ஆளுக்கு இரண்டு மாற்றுடுப்பு வையுங்கள், ஒன்றோடு நிற்காது. குளிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ யாரும் சொல்வதற்குக் காத்திருக்காமல் பிள்ளைகளோடு கரையேறிவிடுங்கள். மலையில் பெய்த மழை வந்து சேர்கிற அடையாளம் அது.

காளிகேசம் நல்ல இடம்தான், ஆனால் இந்தக் கூட்டத்தோடு வேண்டாம். ஓடை குறுகல், மேலே மழை பெய்தால் சட்டென்று ஏறும். வனத்துறை கேட்டை அடைத்துவிட்டால் அவ்வளவு தூரம் போனதும் வீண்.

குளித்து முடித்துத் திருவட்டாறு வழியாக மாத்தூர் தொட்டிப்பாலம். 1960களில் கட்டியது, 28 தூண்கள், நூறடிக்கு மேல் உயரம். கீழே ஓடுவது பறளியாறு. பாலத்துத் தொட்டியில் ஓடுவது ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போகும் பாசனத் தண்ணீர். கன்னிப்பூ, கும்பப்பூ என்கிற இரண்டு போக நெல் சாகுபடிக்காக வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரை அணையைத் திறப்பதால் டிசம்பரில் தொட்டியில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கலாம். ஏப்ரல், மே என்றால் காய்ந்த தொட்டிதான். ஆறு கீழே, வாய்க்கால் மேலே என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், விளக்கிவிடாதீர்கள். நடைபாதை குறுகல், காற்றும் பலம். 4 வயசுப் பிள்ளையைப் பெரியவர் நடுவில் விட்டு நடத்துங்கள், தோளில் தூக்கி வைக்கவே கூடாது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுப்பதும் வேண்டாம். அம்மா பாலத்தில் தாராளமாக நடக்கலாம், சமதளம்தான். கீழே ஆற்றங்கரைக்கு இறங்கும் படிகள் பக்கம் அவர்களைக் கொண்டுபோக வேண்டாம், ஏறி வரமுடியாது.

முட்டத்துக்காரன்:
கடல்ல பிள்ளையள இறக்க எந்தக் கடற்கரை நல்லதுன்னு கேட்டியளே அக்கா, நேராச் சொல்லிருதேன்: ஒண்ணும் இல்ல. சொத்தவிளை, சங்குத்துறை, கணபதிபுரம், முட்டம், தேங்காப்பட்டணம் எல்லாமே பார்க்க அருமையான கரை. ஆனா எல்லாத்துலயும் கரையிலிருந்து கொஞ்ச தூரத்துல ஆழம் சட்டுன்னு இறங்கும். அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். முட்டத்துல பாறை வேற.

அதோட கள்ளக்கடல்னு ஒண்ணு உண்டு. நம்ம ஊருல காத்தும் இருக்காது, மேகமும் இருக்காது. தெக்கே வெகுதூரத்துல நடுக்கடல்ல அடிச்ச புயலோட அலை, நாள் கணக்கா பயணம் பண்ணி இங்க வந்து ஏறும். 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில மருத்துவ மாணவர்கள் அஞ்சு பேர் உயிர் போனது இப்படி எச்சரிக்கை இருந்த நேரத்துலதான். இன்காய்ஸ்னு கடல் நிலவரம் சொல்லுத மத்திய அரசு மையம் எச்சரிக்கை விட்டா செய்தியில வரும். அன்னைக்குக் கரையில பாறை மேல உட்காரக்கூட வேண்டாம்.

ஆனா கடற்கரைக்குப் போகாம இருந்துராதீங்க. சாயங்காலம் நாலு மணிக்குமேல போங்க, ஈர மணலுக்கு இந்தப் பக்கமே விளையாட்டு. வாளி, பழைய சிரட்டை, கரண்டி போதும். கூட நல்ல பலமான நியோடிமியம் காந்தம் ஒண்ணைச் சின்ன பிளாஸ்டிக் கவருக்குள்ள வச்சுக் கொண்டு போங்க. மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்துக் கருமணல்ல அதை இழுத்தா இல்மனைட்ங்குற கருப்புக் கனிமம் கவருக்கு வெளியே ஒட்டும். காந்தத்தை எடுத்துட்டா கொட்டிரும். கவர் இல்லாம இழுத்தா காந்தத்துல இருந்து மணலைப் பிரிக்கவே முடியாது. செவப்பா மின்னுறது கார்னெட்ங்குற இன்னொரு கனிமம். மூத்த பிள்ளை ஒரு மணி நேரம் வேற எதையும் கேட்காது. காந்தத்தை மட்டும் சின்னப் பிள்ளை கையில குடுக்காதீங்க, விழுங்கிட்டா ஆபத்து. மணலை வீட்டுக்கு அள்ளியும் வரவேண்டாம், அதுல மோனசைட்டும் கலந்திருக்கு, தோரியம் உள்ள கனிமம்.

கொட்டாரம்:
தக்கலைக்காரர் அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் முதல் நாள் கன்னியாகுமரியாக இருக்கட்டும். புத்தாண்டு நெருங்க நெருங்க அங்கே கூட்டம் நாளுக்கு நாள் கூடும், ஐயப்ப பக்தர்களும் சேர்ந்துவிடுவார்கள்.

படகு காலை 8 மணிக்குத் தொடங்கும். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் இயக்குகிறது. அந்த வாரத்தில் ஏழு மணிக்கே வரிசையில் நிற்கவேண்டும். ஒருவர் நிற்கட்டும், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வரட்டும். சிறப்புக் கட்டண வரிசை இருக்கிறது, 4 வயசுப் பிள்ளை இருந்தால் அதுவே நல்லது. காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்கு வேறு இடத்துக்கு மாறத் தயாராக இருங்கள். பாறையில் மண்டபங்களுக்குச் செருப்பு இல்லாமல்தான் போகவேண்டும். பத்து மணிக்கு மேல் கருங்கல் கொதிக்கும். எல்லாருக்கும் தடித்த பருத்திக் காலுறை எடுத்துப் போங்கள். இதைச் செய்யாத வீடுகளில்தான் பிள்ளைகளின் அழுகை. தொப்பிக்குக் கயிறு இல்லாவிட்டால் கடலுக்குப் போய்விடும்.

1970இல் கட்டிய விவேகானந்தர் மண்டபத்துக்கும், 2000 சனவரி 1இல் திறந்த வள்ளுவர் சிலைக்கும் நடுவில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் வந்துவிட்டது. முன்பு சிலைப் பக்கம் கடல் கொஞ்சம் கொந்தளித்தாலே அங்கே படகு போகாது, இப்போது நடந்தே போகலாம். 133 அடியில் பீடம் 38, சிலை 95 என்று சொல்லிவிட்டு, எந்த எண் திருக்குறளில் எந்தப் பாலின் அதிகாரங்களைக் குறிக்கிறது என்று மூத்த பிள்ளையைக் கேளுங்கள்.

அம்மாவுக்குப் பாறை வேண்டாம். படகில் ஏறி இறங்குவதே மூட்டுக்குச் சிரமம். அவர்கள் காந்தி மண்டபத்தில் இருக்கட்டும்.

மதிய வெயிலில் அரசு பழத்தோட்டத்துச் சுற்றுச்சூழல் பூங்கா. நிழல் உண்டு. மாலை வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர். மதில்மேல் ஏற அகலமான சாய்தளம் இருப்பதால் அம்மாவும் மெதுவாக ஏறலாம். சுவரில் செதுக்கிய மீனைத் தேடச் சொல்லுங்கள். கடலுக்கு மேல் சூரியன் மறைவதைப் பார்க்க அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் சரியான காலம், மற்ற மாதங்களில் நிலத்துக்குப் பின்னால் போய்விடும். டிசம்பர் கடைசியில் அஸ்தமனம் ஆறு பத்தை ஒட்டி. வட்டக்கோட்டையிலிருந்து ஐந்தேகாலுக்காவது கிளம்பினால்தான் மேற்குக்கரைக்கு வந்து சேரமுடியும்.

வடசேரி அக்கா:
எல்லாருக்கும் நன்றி. மூணாவது நாள் மதியத்துக்குள்ள முடியுற மாதிரி, நாகர்கோவில் பக்கமே ஏதாவது இருக்கா? ராத்திரி அவங்களுக்கு ரயில். இன்னொண்ணு, 8 வயசுப் பிள்ளைக்கு வளைவுப் பாதையில வாந்தி வரும். திற்பரப்புக்குப் போற குலசேகரம் ரோட்டுக்கு என்ன செய்யலாம்?

தேரூர்க் குளம்:
அக்கா, தேரூர், சுசீந்திரம் குளங்கள்தான். செலவே இல்லை, அம்மா காரிலிருந்தபடியே பார்க்கலாம். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும். ஆறரையிலிருந்து எட்டரைக்குள் பாருங்கள், வெயில் ஏறினால் தூரப் போய்விடும், தண்ணீரின் பளபளப்பில் கண்ணும் கூசும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பைனாகுலர் இருந்தால் 8 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் பிள்ளையின் கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான்: இந்த ஐந்தையும் தாளில் எழுதிக் கொடுத்து, பார்த்ததை டிக் செய்யச் சொல்லுங்கள். கரையோரம் சேறு, தாமரைக்கொடி காலில் சுற்றும், இறங்கவிடாதீர்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர் இதுதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர் பாட்டு அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

சுசீந்திரம் கோயில் அடுத்ததே. ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும். மார்கழித் திருவிழா எந்த நாளில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேரோட்ட நாளென்றால் அந்தச் சாலையில் கார் நகராது.

குலசேகரம்:
வாந்திக்கு: கிளம்பும் முன் வயிறு முட்டத் தோசை வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இரண்டு இட்லி அல்லது மட்டி வாழைப்பழம் ஒன்று. முன்சீட்டில் உட்கார வயசு போதாது, பின்சீட்டில் நடுவில் உட்காரவைத்து நேரே சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போன் கையில் கொடுக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், காருக்குள் வாசனைக் கட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள். தக்கலை தாண்டியதும் ஒரு தடவை நிறுத்துங்கள். திரும்பும்போதுதான் ஏத்தம்பழ அப்பமும் ரசவடையும், போகும்போது எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வேண்டாம்.