எஸ்கியூஎல்ஆல்கெமி: பழைய டேபிள்களைத் தொடாமல் புதிதாக ஒன்றை மட்டும் உருவாக்குவது எப்படி?

தங்கச்சிமடம்_பையன்:
மாமா இங்கே நண்டு வாங்கிப் போடுகிறார். படகுக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, நண்டு வர வர அதில் கழிப்பார். எல்லாம் ஒரு நீள நோட்டில். அதைத்தான் பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன், டேட்டாபேஸ் எஸ்கியூலைட், அதோடு பேச எஸ்கியூஎல்ஆல்கெமி லைப்ரரி. படகு, நண்டு வரவு இரண்டு டேபிளும் ஓடுகின்றன. இப்போது அட்வான்ஸுக்கு ஒரு கிளாஸைத் தனி ஃபைலில் எழுதி, எல்லா டேபிளையும் உருவாக்கும் கிரியேட்_ஆல் ஓட்டினேன். எர்ரரும் இல்லை, டேபிளும் இல்லை!

போன மாதம் டுட்டோரியலில் இருந்த, எல்லா டேபிளையும் அழிக்கும் டிராப்_ஆல் வரியை எடுக்காமல் ஓட்டி, நாலு நாள் வரவு காலி. நோட்டு இருந்ததால் தப்பித்தேன். அதனால் இனி எல்லா டேபிளுக்கும் சேர்த்து எதையும் ஓட்டப் பயமாக இருக்கிறது. ஏப்ரல் 15-இல் தடைக்காலம் ஆரம்பித்தால் விசைப்படகு 61 நாள் கடலுக்குப் போகாது, அட்வான்ஸ் மட்டும்தான் எழுதுவோம். அதற்குள் இது வேண்டும்.

தொண்டிக்காரன்:
தம்பி, அட்வான்ஸ்.__டேபிள்__.கிரியேட்(எஞ்சின்) என்று ஓட்டுங்கள், எஞ்சின் என்றால் உங்கள் டேட்டாபேஸ் இணைப்பு. அந்த ஒன்றை மட்டும்தான் உருவாக்கும். (போனில் தமிழ் விசைப்பலகைதான் இருக்கிறது, கோடை ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

கீழக்கரை_நிரலி:
அது சரி, ஆனால் ஏன் வரவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். அட்வான்ஸ் இருக்கும் ஃபைலை மெயின் ஃபைலில் இம்போர்ட் செய்திருக்க மாட்டீர்கள். கிளாஸ் ஒருமுறை படிக்கப்பட்டால்தான் மெட்டாடேட்டாவில், அதாவது டேபிள்களின் பட்டியலில், பதிவாகும். பதிவாகாத டேபிளை கிரியேட்_ஆல் எங்கே போய்த் தேடும்? அதனால்தான் சத்தமே இல்லை. நானும் இதில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

கிரியேட்_ஆல் மேல் பயம் வேண்டாம். இருக்கிற டேபிளை அது தொடவே தொடாது. தொடாது என்றால் நிஜமாகவே தொடாது: நாளைக்குப் படகு கிளாஸில் டோக்கன் நம்பர் என்று ஒரு நெடுவரிசை சேர்த்தாலும், டேபிளில் அது வராது. அதற்கு ஆல்டர் டேபிள் கட்டளை எழுத வேண்டும், இல்லை டேபிள் மாற்றங்களைப் பார்த்துக்கொள்ளும் அலெம்பிக் கருவியை வைத்துக்கொள்ள வேண்டும். வரவை அழித்தது டிராப்_ஆல்தான்.

தங்கச்சிமடம்_பையன்:
இம்போர்ட்தான் அண்ணே, போடவே இல்லை! தொண்டி அண்ணன் சொன்ன வரியில் டேபிள் வந்துவிட்டது. ஆனால் மாமா புரோகிராமை மூடித் திறந்ததும் டேபிள் ஏற்கெனவே இருக்கிறது என்று எர்ரர். "நோட்டு இப்படியெல்லாம் கேட்காதே" என்கிறார்.

தொண்டிக்காரன்:
சொல்ல விட்டுவிட்டேன். கிரியேட்(எஞ்சின், செக்ஃபர்ஸ்ட்=ட்ரூ) என்று கொடுங்கள், இருந்தால் பேசாமல் போய்விடும். கிரியேட்_ஆல் தானாகவே அப்படிப் பார்த்துக்கொள்ளும், தனி டேபிளுக்கு நாம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கிரியேட்_ஆல்(எஞ்சின், டேபிள்ஸ்=[அட்வான்ஸ்.__டேபிள்__]). இரண்டு மூன்று டேபிள் என்றால் இதுதான் வசதி, ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் இணைப்பு) பார்த்து எது முதலில் என்று அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும்.

தங்கச்சிமடம்_பையன்:
ஓடுகிறது. இன்னொரு சந்தேகம். மாமா 27-ஆம் படகுக்குப் பதிலாக 72 என்று அடித்து ஐயாயிரம் ஏற்றிவிட்டார். எங்களிடம் 72 என்ற படகே கிடையாது. ஃபாரின் கீ கொடுத்திருந்தும் எப்படி ஏற்றது?

கீழக்கரை_நிரலி:
எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா ஃபாரின்_கீஸ்=ஆன் ஓட்ட வேண்டும். இணைப்பு திறக்கும்போதெல்லாம் நடக்கும் எஞ்சினின் கனெக்ட் ஈவென்ட்டில் ஒரு ஃபங்ஷன் மாட்டி அதில் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஏறியதை அது சொல்லாது, அந்த ஐயாயிரத்தை நீங்களே போய் மாற்றுங்கள்.