வறுமையைச் சொல்லும் கிராமத்துப் படங்களில் எதை வைத்து உண்மையை அளப்பது?

கரிசல்வாசகன்:
வட்டார வழக்கும் அழுக்கேறிய வேட்டியும் வெடித்துக் கிடக்கும் நிலமும் இருந்துவிட்டால் ஒரு படத்தை யதார்த்தம் என்று பாராட்டிவிடுகிறோம். மூன்று தலைமுறையாகக் கூலி வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. அண்மையில் அத்தகைய படமொன்றைப் பார்த்த என் அம்மா, "எல்லாரும் அழுதுக்கிட்டே இருக்காங்களே, வேலைக்கு எப்பப் போவாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் படங்கள் எவை?

மலையடிவாரம்:
உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான அளவுகோல் என்பேன். 2018-இல் வெளியான லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' அதற்கு நிற்கும். தேனிப் பக்கத்து அடிவாரத்துக்கும் மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களுக்கும் இடையே சுமை தூக்கும் ரங்கசாமி, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்படுகிறான், கதை அவ்வளவுதான். மலையேறும் நடையைப் படம் அவசரப்பட்டு வெட்டுவதில்லை. வழியில் யார் எங்கே உட்கார்கிறார்கள், எதைப் பேசிக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுமையாகக் காட்டுவதால், அந்த நிலத்தின் விலை ரூபாயில் அல்லாமல் கால்வலியில் நமக்குப் புரிகிறது. பாடுபட்டு வாங்கிய நிலத்தை விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனில் இழந்து, அதே மண்ணில் நட்ட காற்றாலைக்குக் காவலாளியாக அவன் உட்கார்ந்திருப்பதோடு படம் முடிகிறது. இங்கே ஏழ்மைக்கு விதியைக் குற்றம் சொல்ல இடமில்லை. நிலம் எந்தக் கணக்கில் கைமாறியது என்பது கண்முன் இருக்கிறது. எங்கள் பகுதியில் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தக் கடைசிக் காட்சிக்குப் பிறகு அவற்றைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

திரைநோக்கி:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வட்டார வழக்கை வெறும் ஒப்பனை என்று ஒதுக்குவதற்கில்லை. 1948-இல் இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தி, சிசிலித் தீவின் அச்சி திரெட்சா என்ற கரையோர ஊரில் அவ்வூர் மீனவர்களையே நடிக்கவைத்து 'லா தெர்ரா திரேமா' எடுத்தார். அவர்கள் பேசிய சிசிலிய மொழி மற்ற இத்தாலியர்களுக்கே விளங்காமல் போனதால், பொது இத்தாலிய மொழியில் விவரணை சேர்க்க வேண்டியிருந்தது. மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட வீட்டை அடகு வைத்த குடும்பம், புயலில் படகை இழந்து மீண்டும் அவர்களிடமே கூலிக்குப் போவதுதான் அதன் கதை. சுரண்டலை அனுபவித்தவர்களின் வாயிலிருந்தே அதைக் கேட்க வேண்டும் என்பதற்காக, பார்வையாளருக்குப் புரியாமல் போகும் ஆபத்தையும் அவர் ஏற்றார். நம் படங்கள் பலவற்றில் மதுரை வழக்கு சண்டைக்கும் கேலிக்கும் மட்டுமே பயன்படுவதுதான் எனக்கு வருத்தம்.

'வறுமையை விற்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டும் பழையதுதான். 1980-இல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், சத்யஜித் ராயின் மீதே அதைச் சுமத்தினார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) சிறுவன் அப்புவின் தாய்க்கு வறுமை மட்டுமன்றிக் கோபமும் ரோஷமும் உண்டு, முதிய நாத்தனாரிடம் காட்டும் கொடுமையும் உண்டு. இரக்கத்துக்காக மட்டும் படைக்கப்பட்ட பாத்திரத்துக்கு இத்தனை குணங்கள் இருக்காது.

வைகைக்கரை:
வினோத்ராஜின் 'கூழாங்கல்'லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருது பெற்ற படம். ஊற்றுக்குழியில் ஒருத்தி தண்ணீரை மெல்ல மெல்ல மொண்டு குடத்தில் ஊற்ற, மற்ற பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் காட்சி அதில் உண்டு. ஒருவரும் அழவில்லை.

கரிசல்வாசகன்:
மிக்க நன்றி. 'கூழாங்கல்'லை அம்மாவுடன் உட்கார்ந்து பார்க்கிறேன். குழியில் தண்ணீர் ஊறும்வரை காத்திருந்தவர் அவர். அந்தக் காட்சியில் பிழை இருந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.