ஸ்பேஸ் ஓபரா: குதிரைக்குப் பதில் ராக்கெட், அவ்வளவுதானா?

வால்மீன்:
‘ஸ்பேஸ் ஓபரா’ என்பதே வசைச்சொல்லாகப் பிறந்தது. சோப்பு விளம்பரத்தோடு ரேடியோவில் வந்த அழுவாச்சித் தொடர் சோப் ஓபரா, மலிவு கௌபாய் கதை ஹார்ஸ் ஓபரா. அந்த வரிசையில் 1941-ல் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் வில்சன் டக்கர், அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைகளுக்கு வைத்த பெயர். இதைத் தூக்கிவைத்து ஆட என்ன இருக்கிறது?

கெப்ளர்22:
1950-ல் கேலக்ஸி என்ற அறிபுனைப் பத்திரிகையின் முதல் இதழின் பின்னட்டையிலும் இதே கிண்டல்தான். ஒரே காட்சியை ராக்கெட்டோடும் குதிரையோடும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இது எங்களிடம் வராது என்றார்கள். நல்ல சோதனை. அதை ஈ. ஈ. ஸ்மித்தின் லென்ஸ்மேன் நாவல் வரிசை மேல் வைத்துப் பாருங்கள். அங்கே கப்பலின் நிலைமத்தை (வேகம் மாறுவதை எதிர்க்கும் குணம், inertia) அணைத்தால் ஒளியை முந்தலாம். மறுபடி போட்டதும் பழைய வேகம், பழைய திசை அப்படியே திரும்பிவிடும். இறங்குமுன் கிரகத்தின் வேகத்தோடு பொருத்தாவிட்டால் கப்பல் சுக்குநூறு. ‘கிரே லென்ஸ்மேன்’ இந்த விதியையே ஆயுதமாக்குகிறது: நிலைமம் நீக்கிய 2 கிரகங்களை எதிரிக் கிரகத்தின் இருபுறமும் நிறுத்தி, நிலைமத்தைப் போட்டுவிடுகிறார்கள். பாக்குவெட்டியில் பாக்கு! குதிரையை வைத்து இதைச் செய்யுங்களேன்.

வால்மீன்:
அது இயற்பியல் இல்லை, ஆசிரியர் போட்ட விதி. ஆட்களும் அட்டைப் பொம்மைகள். எக்ஸ்பான்ஸ் நாவல்களின் பயண முறையைப் பாருங்கள்: பாதி தூரம் 1 ஜி-யில் (பூமியின் ஈர்ப்பு அளவு) முடுக்கி, கப்பலைத் திருப்பி, மீதி தூரம் வேகத்தைக் குறைத்தால், செவ்வாய் மிக அருகே வரும்போது 2 நாளுக்குள் போய்விடலாம். கணக்கு உதைக்காது. அது அறிவியல் விதியை மீறாத கறார் அறிபுனை, ஓபரா இல்லை.

செங்குள்ளன்:
நாள் கணக்கில் 1 ஜி தரும் எஞ்சினா? எரிபொருளையும் வெப்பத்தையும் கேளுங்கள், அங்கேயும் உதைக்கும். ஓபராவைப் பிரிக்கும் கோடு இயற்பியலில் இல்லை, கதையின் அளவில் இருக்கிறது. பூமியிலிருந்து செவ்வாய்க்குச் செய்தி போக 3 முதல் 22 நிமிடம். அந்த இடைவெளியில் ஒரு கேப்டன் தானாக முடிவெடுத்து 2 கிரகங்கள் போருக்குப் போனால் ஓபரா. நாலு பேர் காற்றுக் கசிவை அடைத்து உயிர் பிழைத்தால் இல்லை.

வால்மீன்:
மேலிடத்துக் கடிதத்துக்குக் காத்திருக்க முடியாத கேப்டன் பாய்மரக் கப்பல் கதையில் வருபவர். குதிரையிலிருந்து இறக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டீர்கள்!

கெப்ளர்22:
சரி, ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலை எங்கே வைப்பீர்கள்? முக்கால்வாசிக் கதை ஒரே மணல் கிரகத்தில். ஆனால் அந்த ஊரில் கிடைக்கும் ஸ்பைஸ் என்ற போதைப்பொருள் நின்றால் கப்பல் வழிகாட்டிகளுக்குப் பாதை தெரியாது, கப்பல் ஓடாது, பேரரசு துண்டு துண்டாகிவிடும்.

வால்மீன்:
கிரக சாகசக் கதைகள் அலமாரியில். ஸ்பைஸுக்கு மூலமான மணற்புழு முதல் நாவலில் அந்த ஒரு கிரகத்தில்தானே இருக்கிறது.

செங்குள்ளன்:
அதனால்தானே சக்கரவர்த்தியே படையோடு அங்கே வந்து இறங்குகிறார்?