வாசல் நிலையில் உறைந்து நின்ற கால்: உங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததுண்டா?

மண்டூர் மகள்:

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்குள்ள பலரும் இந்த நோயை வீட்டில் பார்த்தவர்கள் என்பதால் கைநடுக்கத்தையும் குறுநடையையும் நான் விவரிக்கவில்லை. போன மாதம் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்.

சாப்பிட அழைத்தபோது குசினி வாசல் வரை வந்தவர், நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். முழங்கால் நடுங்கியது, பாதம் நிலத்தை விட்டு எழவில்லை. "அப்பா, காலைத் தூக்குங்க" என்று நான் சொல்லச் சொல்ல அவருடைய நெற்றியில் வியர்வைதான் அரும்பியது. முப்பது வருடம் வடமோடி என்ற நாட்டுக்கூத்து ஆடி, பிறகு அதைப் பழக்கும் அண்ணாவியாராக இருந்தவர் அவர். அருச்சுனன் வேடம் கட்டி விடியும்வரை களரியைச் சுற்றிய கால், ஒரு வாசற்படிக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் என் மகன் பிளாஸ்டிக் கதிரையின் இருக்கையில் மத்தளம் போலத் தட்டத் தொடங்கினான். மூன்றாவது தட்டில் அப்பாவின் வலது கால் எழுந்தது. படியைத் தாண்டி, தாளம் தப்பாமல், மேசை வரை எட்டு அடி வைத்தார். தட்டு நின்றதும் அவரும் நின்றார்.

நடையைத் தானாகத் தொடக்கிவைப்பதற்கு மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்கள் தேவை என்றும், அவற்றுக்கு டோபமின் வழங்கும் கலங்கள் அழிவதே இந்த நோய் என்றும், வெளியிலிருந்து தாளம் கிடைக்கும்போது மூளை அந்தப் பழுதுபட்ட வழியை ஓரளவு விட்டுச் சிறுமூளையைச் சேர்ந்த வேறு வழிகளைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது என்றும் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். விளக்கம் புரிந்தது. ஆனாலும் பெற்ற மகளின் சொல்லுக்கு எழாத கால் கதிரைச் சத்தத்துக்கு எழுந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கூத்து அந்தக் காலிலேயே பதிந்து கிடந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வாழைச்சேனைப் பேரன்:

அக்கா, உங்கள் சொல்லுக்குக் கால் எழாததற்கு எங்கள் அப்பப்பாவிடம் ஒரு விடை இருக்கலாம். வாவியில் வீச்சுவலை எறிவதில் அவருக்கு இணையானவர் எங்கள் பக்கத்தில் இல்லை. நான் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே, "வலக்கை எப்போது விடுகிறது, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எறியுங்க" என்று கேட்டேன். அவரும் சொல்லிக்கொண்டே எறிந்தார். வட்டமாக விரிந்து, ஈயமணிகள் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும் அந்த வலை, மூட்டையாகச் சுருண்டு ஒரே இடத்தில் பொத்தென்று விழுந்தது. மூன்று முறை அப்படியே. நாலாவது முறை அவர் என்னைப் பேச வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, தூரத்தில் மீன் துள்ளிய இடத்தைப் பார்த்து எறிந்தார். வலை பூப்போல விரிந்தது.

1998இல் கப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறி ஒன்றில் இதைச் சோதித்தார்கள். தம் பாதத்தில் கவனம் வைத்தவர்களைவிட, பாதத்தின் கீழிருந்த சில்லுகளில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். "காலைத் தூக்குங்க" என்பது கவனத்தைக் காலுக்குள் அனுப்புகிறது. தாளம் அதை வெளியே எடுக்கிறது. நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

களுவாஞ்சிக்குடி ஓய்வூதியர்:

தம்பி சொல்வது நோயில்லாதவருக்குப் பொருந்தலாம். நோயாளியின் வீட்டில் அதை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. என் மனைவிக்கும் இதே நோய். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு விறாந்தையில் நடந்தவரை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, திரும்பிய இடத்திலேயே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நமக்கு நடை தானாக நடப்பதால் பேசிக்கொண்டே நடக்கிறோம். அவர்களோ ஒவ்வொரு அடியையும் கவனத்தைச் செலவழித்தே வைக்கிறார்கள். அதில் பாதியை ஒரு கோப்பையும் மீதியை ஒரு குரலும் பறித்துக்கொண்டால் காலுக்கு எதுவும் மிஞ்சாது.

ஆகவே மகள், இவற்றைச் செய்யுங்கள். அவர் நடக்கும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. கையில் எதையும் கொடுத்தனுப்பக்கூடாது. "கெதியா வாங்க" என்ற சொல் வீட்டிலேயே கேட்கக்கூடாது. வாசலுக்கு முன்னும் பின்னும் ஓர் அடி இடைவெளியில் நிறநாடாவைக் குறுக்காக ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் கால் வைப்பது பலருக்கு எளிது. குசினிப் பாயையும் கால்துடைப்பானையும் எடுத்துவிடுங்கள். திரும்பும்போது ஒரே காலில் சுழலாமல் அகலமாக வளைந்து திரும்பப் பழக்குங்கள். உறைந்து நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நிற்கவிட்டு, உடம்பைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, பிறகு அடி வைக்கச் சொல்லுங்கள். மாத்திரையின் நேரம் பத்து நிமிடம்கூடப் பிந்தக்கூடாது. இயன்மருத்துவரிடம் ஒரு முறையாவது காட்டுங்கள்.

கூத்து காலில் பதிந்து கிடந்தது என்பதையும் நான் ஏற்கவில்லை. எல்லாம் மூளையில் உள்ள நினைவுதான். நினைவு போனால் வித்தையும் போய்விடும்.

மருதமுனை நெசவாளி மகள்:

ஐயா, மூளையில்தான் என்பது சரி. நினைவு போனால் வித்தையும் போய்விடும் என்பதை மட்டும் என்னால் ஒப்ப முடியாது; உம்மாவைப் பார்த்த பிறகு முடியவே முடியாது. மறதி நோய் முற்றிய காலத்தில் அவர் என்னையே "நீ ஆர்ர புள்ள?" என்று கேட்டார். ஒரு நாள் பின்னேரம் தறிக்குப் பக்கத்தில் இருத்தினேன். நெய்துகொண்டிருந்த என் பாவில் ஓர் இழை அறுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. உம்மா கையை நீட்டி, அறுந்த இரு நுனிகளையும் விரலால் தேடி எடுத்து, நாக்கில் நனைத்து முறுக்கி, கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போட்டு, விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். முடிச்சு எந்த இடத்தில் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார், நான் யாருடைய பிள்ளை என்று.

1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட ஹென்றி மொலைசன் என்பவர் அதன்பின் புதிய நிகழ்வு எதையும் மனத்தில் வைத்திருக்க முடியாதவரானார். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் கோட்டை வரையும்படி பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் அவருடைய கை திருந்தியது. முந்திய நாள் அப்படி ஒன்றைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. நடந்ததை நினைவுகூர்வதும் கைப்பழக்கமும் மூளையில் வேறுவேறு வழிகளில் தங்குகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மண்டூர் மகள்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி சிவப்பு நாடாவைக் குறுக்காக ஒட்டினேன். காலையில் இரண்டு முறை அப்பா அதைத் தாண்டி வந்தார். பின்னேரம் பரணிலிருந்து அவருடைய மத்தளத்தை இறக்கி மகனிடம் கொடுத்தேன். அப்பா வாசலில் நின்றுவிட்டார், மகன் அடித்தான், கால் எழவில்லை. எனக்கு நெஞ்சு பதைத்தது. அவரோ நிலையைப் பிடித்தபடி, கால் அசையாமலே, "தாளம் பிந்துது மனே, மறுகா அடி" என்றார். பேரன் திருத்தி அடித்த பிறகே காலைத் தூக்கினார்.