நெய்யரிக் கணக்கில் 39 செ.மீ., சுவரில் 42 செ.மீ. ஏன்?

கொக்குவில்காரன்:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். மில்லிமீற்றருக்கு 600 கோடு உள்ள கோணல் நெய்யரி (நெருக்கமான கோடுகளால் ஒளியைப் பல திசைகளுக்குப் பிரிக்கிற தகடு) ஒன்று கிடைத்தது, 650 நனோமீற்றர் என்று ஒட்டியிருக்கிற சிவப்பு லேசரை அதற்குள்ளால் அடித்து 1 மீற்றர் தள்ளியிருக்கிற சுவரில் அளந்தேன். யங்கின் இரட்டைப் பிளவுக்கு (ஒளியை இரண்டு மெல்லிய பிளவுகளுக்குள்ளால் விடுகிற பரிசோதனை) படித்தபடி அலைநீளத்தைச் சுவர்த் தூரத்தால் பெருக்கி, கோட்டுக்குக் கோடு உள்ள இடைவெளியால் வகுத்தால் முதல் புள்ளி நடுவில் இருந்து 39 செ.மீ. தள்ளி வர வேண்டும். வருவது 42. சரி, அளந்ததில் பிசகு என்று விடலாம் என்றால், 78 இல் விழ வேண்டிய இரண்டாவது புள்ளி 1.25 மீற்றருக்குப் போய்க் கதவு நிலையில் நிற்கிறது. மூன்றாவதைக் காணவே இல்லை. லேசர் பழுதோ?

பழைய உயர்தரம்:
லேசரில் ஒரு பழுதும் இல்லை தம்பி, அந்தச் சுருக்குவழி இங்கே செல்லாது, அவ்வளவுதான். கோணம் மிகச் சிறிதாக இருந்தால்தான் சைனும் தாஞ்சனும் ஒன்று என்று வைக்கலாம். இரட்டைப் பிளவில் இடைவெளி அரை மில்லிமீற்றர் என்றால் கோணம் 0.07 பாகைதான், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். உம்முடைய நெய்யரியில் இடைவெளி 1667 நனோமீற்றர். இடைவெளியைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் வருவது முதல் புள்ளிக்கு ஒரு அலைநீளம், இரண்டாவதற்கு இரண்டு, இதுதான் நெய்யரிச் சமன்பாடு. 650 ஐ அதால் வகுத்தால் 0.39, அது சைன். கோணம் 22.95 பாகை, அதன் தாஞ்சன் 0.423, ஆகவே சுவரில் 42 செ.மீ. இரண்டாவதற்குச் சைன் 0.78. சைன்தான் இரட்டிக்கும், கோணம் இரட்டிக்காது, அது 51.3 பாகைக்குப் போய்விடும், தாஞ்சன் 1.25. கதவு நிலையில் விழுந்தது சரியான இடத்தில்தான். மூன்றாவதற்குச் சைன் 1.17 வேண்டும், அப்படி ஒரு கோணமே கிடையாது. கல்குலேற்றர் பாகையில் இல்லாமல் ஆரையனில் (கோணத்தின் வேறொரு அலகு) நிற்கிறதா என்றும் ஒருக்கால் பாரும், கனபேர் விழுகிற கிடங்கு அது.

திருநெல்வேலிச் சந்தி:
ஒற்றைப் பிளவுக்கும் இதே உருவத்தில் ஒரு சமன்பாடு இருக்கிறது, பரீட்சையில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அங்கே போடுவது பிளவின் அகலம், கிடைப்பது இருட்டு விழும் கோணம். நெய்யரியில் போடுவது பிளவுக்குப் பிளவு உள்ள இடைவெளி, கிடைப்பது வெளிச்சம். இரண்டும் ஒன்றாக வேலை செய்கிற இடமும் உண்டு: அகலம் இடைவெளியின் சரிபாதி என்றால் இரண்டாவது புள்ளி விழ வேண்டிய அதே கோணத்தில் ஒற்றைப் பிளவின் முதல் இருட்டு வந்து உட்கார்ந்துவிடும், புள்ளி காணாமல் போகும். அப்புறம், நெய்யரி இல்லாதவர்கள் பழைய சீடியில் லேசரைச் செங்குத்தாக அடித்துப் பாருங்கோ, தெறித்து வருகிற ஒளிக்கும் இதே கணக்குத்தான். தடங்களின் இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர், டிவிடியில் 0.74. தெறிப்பு கண்ணில் படாமல் கவனம்.

கொக்குவில்காரன்:
நன்றி அண்ணா, விளங்கிவிட்டது. அப்படியென்றால் சீடியில் முதலாவது 24 பாகை, இரண்டாவது 54. டிவிடியில் முதலாவதே 61 பாகை, இரண்டாவதற்குச் சைன் 1.76 வருவதால் அது இல்லை. சரியோ?

பழைய உயர்தரம்:
சரி. டிவிடிக்குச் சுவரைக் கிட்டக் கொண்டுவாரும், 1 மீற்றரில் வைத்தால் புள்ளி 1.8 மீற்றர் தள்ளிப் போய் விழும்.